தையல் எண்ணெய் குடித்த ஹப்

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் ஒரு பிரெஞ்சு சைக்கிள் வாங்கினார்; அதைப் பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி ‘வெலோ’ என்றுதான் சொல்வார். அதே மாதம் என் அண்ணன் எல்லை தாண்டி இங்கிலீஷ்காரர் ஆளும் கடலூருக்குப் போய் ஓர் இங்கிலீஷ் சைக்கிளோடு திரும்பினான். இவர் மில்லில் தறி ஓட்டுபவர், அண்ணன் தபால்காரன். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே சண்டையை ஆரம்பித்துவிடுவார்கள். கம்பி, ரிம், டயர் என்று எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் ஹப்பில் வந்து நிற்பார்கள். சக்கரத்தின் நடுவே, அச்சையும் இரும்புக் குண்டுகளையும் அடக்கியிருக்கும் அந்தச் சின்ன உருளையில்தான் சைக்கிளின் உயிர் இருக்கிறது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

“உன் வெலோ பாக்கத்தான் அழகு மாப்ளே. ஹப்பு ஒரு மழைக்குத் தாங்காது” என்றான் அண்ணன்.

“சுத்திவிட்டுப் பாத்துருவமா மச்சான்?”

மறு ஞாயிறு எங்கள் முற்றத்தில் பந்தயம். இரண்டு சைக்கிளையும் தலைகீழாக நிறுத்தி முன்சக்கரங்களைச் சுற்றிவிட வேண்டும். முதலில் நிற்பது மட்டமான ஹப்.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போயிருந்தபோது நான் எங்கள் முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். சோம்பேறித்தனமாகச் சுற்றி உடனே நின்றுவிட்டது. உள்ளே அடைத்திருந்த கிரீஸ் அவ்வளவு கெட்டி. என் தையல் மிஷின் மக்கர் பண்ணினால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மிஷின் எண்ணெய் போடுவேன். ஹப்பிலும் எண்ணெய் விட ஒரு துளை இருந்தது. அப்புறம் கையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? சின்ன வயதிலிருந்து எதிலும் தோற்காத அண்ணனின் முகம் ஒருமுறை சுருங்குவதைப் பார்க்க ஆசை.

ஞாயிறன்று அண்ணனின் சக்கரம் நின்றது. எங்களுடையது சுற்றிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தேன். இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஹப்பைத் தளர்த்தி ஏமாற்றிவிட்டாரோ என்று அண்ணன் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தான். துளி ஆட்டமில்லை.

“அடுத்த வாரம் வில்லியனூர் மாதா திருநாளுக்கு வெலோவுலதான் போறோம்” என்று அறிவித்தார் இவர். “இவளும் பின்னால ஒக்காந்து வருவா.”

தையல் எண்ணெய் இரண்டு பேர் பாரத்தைத் தாங்குமா? “வண்டி கட்டிக்கிட்டுப் போலாங்க.”

“ஏன் புள்ள, ஹப்பு மேல நம்பிக்க இல்லியா?”

திருநாளன்று மாதாவை வேண்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

வழியில் மூலக்குளம் வரும்போது முன்சக்கரம் சில்வண்டுபோலக் கத்தத் தொடங்கியது. பிறகு அந்தச் சத்தத்துக்கு நாய்கள் குரைத்தன. திடீரென்று சக்கரம் இறுகி, நாங்கள் இருவரும் புழுதியில் விழுந்தோம். பின்னால் வந்த அண்ணன் இறங்கி, ஸ்பானர் போட்டு ஹப்பைத் திறந்தான். உடைந்த குண்டுகள் இரண்டு உதிர்ந்தன. கிரீஸ் பொட்டுகூட இல்லை. விரலை விட்டு எடுத்து முகர்ந்தான். என்னைப் பார்த்தான்.

“என்னா மாப்ளே, தையல் மிஷின் வாசன அடிக்குது?”

“ஒசந்த பிரெஞ்சு கிரீசு மச்சான், அப்படித்தான் மணக்கும்” என்றார் இவர், முழங்கையைத் தடவிக்கொண்டே.

அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். என்னால் முடியவில்லை, புழுதியில் உட்கார்ந்தபடியே வெடித்துச் சிரித்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லவும் வேண்டியதாயிற்று.

அவர் வேட்டிப் புழுதியைத் தட்டிக்கொண்டே எழுந்தார். “அப்ப பந்தயத்துல செயிச்சது நீதானா?”

“ஆமாங்க.”

“அப்ப நீயே தள்ளிக்கிட்டு வா.”

அண்ணன் மிச்சக் குண்டுகளை வைத்து முடுக்கிக் கொடுத்தான். ஏறினால் தாங்காது, தள்ளினால் உருளும். இவ்வளவு நாளும் ஜென்மப் பகையாளிகளாக இருந்த இருவரும் ஒரே இங்கிலீஷ் சைக்கிளில் ஏறி, திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

பட்டுப்புடவையோடு தள்ளிக்கொண்டு நடந்தேன். அவர்கள் வளைவில் மறைந்ததும் முன்னும் பின்னும் பார்த்தேன். யாருமில்லை. கொசுவத்தை இடுப்பில் செருகி, ஒரு காலைப் பெடல்மேல் வைத்து, மறுகாலால் ஓர் உந்து உந்தினேன். ஹப் கத்தியது. நானும்தான்.