முனிவேலின் வெள்ளைப் பத்மினி

"ஓடுத்தா இது?" என்று வீட்டுக்காரர் நாராயணப்பன் கன்னடத்தில் கேட்டார். ஒன்பது வருஷமாக மாடியேறி வரும்போதெல்லாம் அவர் கேட்கும் கேள்வி அது.

"ஓடாதுங்க," என்றான் முனிவேல்.

"சாவி குடுத்தா?"

"சாவியெல்லாம் இல்லீங்க. இது மாடல். நெஜ வண்டி என்ன அளவோ, அதுல இருபத்துநாலுல ஒரு பங்கு. கொஞ்சம் வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க."

நாராயணப்பன் நகர்ந்து நின்றார். ஓடாத வண்டிக்கு ஒரு மனுஷன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொட்டுகிறானே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. "பொம்மை நல்லா இருக்குதுப்பா" என்று ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பொம்மை. அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே முனிவேலுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓசூரில் இருசக்கர வண்டிக் கம்பெனி ஒன்றின் பெயின்ட் பிரிவில் பதினேழு வருஷமாகச் சோதனையாளன் அவன். வெள்ளை விளக்குகளுக்குக் கீழே பெட்ரோல் டேங்குகள் வரிசையாக வரும். முடி கனத்துக்குப் பெயின்ட் வழிந்திருந்தாலும், கடுகளவு தூசி ஒட்டியிருந்தாலும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவான். அந்தக் கண்ணை ஷிப்ட் முடிந்ததும் கழற்றி வைக்க முடியுமா? கல்யாண வீட்டுக்குப் போனால் மண்டபத்துத் தூணில் பெயின்ட் வழிந்ததுதான் முதலில் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லியும் தொலைப்பான்.

வேலையை விட்டுப் போன நண்பன் ஒருவன், பாதி ஒட்டிய வெளிநாட்டுக் கார் மாடல் ஒன்றை அவனிடம் தள்ளிவிட்டுப் போனான். அதை முடித்துத்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. இப்போது கண்ணாடி அலமாரியில் பதினாலு கார்கள். எதுவும் டப்பாவில் வந்தபடி நிற்காது. ஒன்றின் கூரையை அறுத்துத் தாழ்த்தியிருப்பான், இன்னொன்றின் சக்கரத்தை மாற்றியிருப்பான். ஸ்பீக்கருக்குள் இருந்து உருவிய செம்புக் கம்பிதான் எல்லாவற்றுக்கும் வைப்பர். பார்க்க வருகிற உறவுக்காரர்கள் இதையெல்லாம் கேட்பார்களா என்றால் மாட்டார்கள். "கொழந்தை கேக்குறான், ஒன்னே ஒன்னு குடேன்" என்பார்கள். சொந்த மகள் ஹரிணியே பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, 'என் அப்பா பொம்மை செய்வார்' என்று ஆரம்பித்திருந்தாள். பதினேழு வருஷச் சர்வீஸ் அடுத்த வரியில்கூட இல்லை.

"பொம்மைன்னா வெளையாடறது. இது வண்டி. அளவுல சின்னது, அவ்ளோதான்," என்று மனைவி பொற்கொடியிடம் ஆயிரம் தடவை புலம்பியிருக்கிறான். அவள் மின்னணுக் கம்பெனியில் வேலை செய்பவள். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியின் கீழே இடுக்கியால் பொடிப் பொடி உதிரிகளைப் பலகையில் பொருத்திவிட்டு, கம்பெனி பஸ்ஸில் கழுத்து வலியோடு வந்து இறங்குவாள். "ம்" என்பாள். காதில் விழுந்ததா இல்லையா என்பது அந்த 'ம்'மில் தெரியாது.

இந்த வருஷத்து வண்டி ஒரு வெள்ளைப் பத்மினி. அவனுக்கு வேண்டிய அளவில் அந்தக் காருக்கு மாடல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பாகலூர் ரோட்டில் பழைய இரும்புக் கடை ஒன்றில் நிஜப் பத்மினி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. மூன்று ஞாயிறு டேப்போடு போய் அதை அங்குலம் அங்குலமாக அளந்தான். கடை நாய் மூன்றாவது ஞாயிறுதான் குரைப்பதை நிறுத்தியது. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, ஏழு கோட்டு வெள்ளை அடித்து முடிக்கப் பதினோரு மாசம் ஆனது.

ஆயுத பூஜை முடிந்து வரும் ஞாயிறு பெங்களூரில் மாடல் கண்காட்சி. அதில் ஷோரூம் பிரிவு என்று ஒன்று உண்டு. கம்பெனியிலிருந்து அப்போதுதான் இறங்கிய வண்டி மாதிரி, பொட்டுத் தூசி இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு வருஷமாக அதில் தோற்றுவிட்டுத்தான் எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டித் திரும்பி வருகிறான். முதல் வருஷம் கண்ணாடியில் பசைக் கைரேகை. அடுத்த வருஷம் வைப்பர் தடிமன். அவன் பிறர் வேலையில் வட்டம் போடுகிற மாதிரியே நடுவர் அவன் வேலையில் வட்டம் போட்டார். இந்தத் தடவை வட்டம் போட இடமே இருக்காது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பூஜையன்று காலையில் வாழைக்கன்றும் பூசணிக்காயும் பொரியும் வாங்க மார்க்கெட்டுக்குப் போனான். அங்கே நசுங்கிப் பிதுங்கி, பேரம் பேசித் தோற்று, வாழைக்கன்று கண்ணில் குத்தக் குத்த வண்டியோட்டி வந்து மாடியேறினான். அரிவாள்மணை, இடுக்கி, சுத்தியல், ஏர்பிரஷ் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வரிசையின் நடுவே பத்மினி. அதன் பானெட்டில் மஞ்சளாகவும் சிவப்பாகவும் என்னவோ பூசியிருந்தது.

வாழைக்கன்று கையிலிருந்து விழுந்தது. பாய்ந்து போய்க் கட்டைவிரலால் பானெட்டை அழுத்தித் தேய்த்தான். சந்தனமும் குங்குமமும் கலந்து, ஏழு கோட்டு வெள்ளைமேல் தீற்றலாக இழுபட்டது.

"உனக்கு என்ன கேடு?" என்றான். "ஒம்பது வருஷமா கத்தறனே அளவு, அளவுன்னு. ஒரு வார்த்தையாச்சும் காதுல ஏறிச்சா? பொம்மைக்குப் போயி யாராச்சும் பூஜை போடுவாங்களா?"

பொற்கொடி அடுப்படி வாசலில் நின்று அவனையே பார்த்தாள். எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கீழே போய் பைக்குக்குப் பூஜை செய்தாள். பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து, "ஏத்துங்க" என்று சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள். அவன் ஏற்றினான். பழம் நசுங்கியது.

மத்தியானம் பஞ்சும் பூதக்கண்ணாடி விளக்குமாகப் பத்மினிக்கு முன்னால் உட்கார்ந்தான். பானெட்டைத் துடைத்தான். குங்குமம் போயிற்று, ஆனால் இளஞ்சிவப்புக் கறை போகவில்லை. இதோடு ஷோரூம் பிரிவு முடிந்தது. சரி, பின்பக்கத்தையாவது பார்ப்போம் என்று வண்டிக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தான்.

டிக்கியில் சந்தனக் கீற்றுகள் மூன்று கலையாமல் இருந்தன. நூல் கனம், கோடு போட்ட மாதிரி நேர். நடுவில் ஊசிமுனைக் குங்குமம். நிஜக் காரில் மூன்று விரலால் இழுக்கிற பட்டை, இருபத்துநாலில் ஒரு பங்காக அங்கே இருந்தது. முனிவேல் பஞ்சைக் கீழே வைத்தான். விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்தான். நம்பர் பிளேட்டில் ஒரு பொட்டு. முன்னால் கிரில்லில் ஒரு மாலை. சாமந்தி இதழை நறுக்கி, ஏதோ நூலிழையில் கோத்தது. பாதி திறந்த ஜன்னல் வழியே உள்ளே பார்த்தான். ஸ்டியரிங்கின் நடுவே ஒரு சிவப்புப் பொட்டு. அந்த ஜன்னலுக்குள் அவனே ஒரு தடவை இடுக்கியை விட்டு, முடியாமல் கதவைப் பிரித்து ஒட்டியிருக்கிறான். இவள் எதையும் இடிக்காமல் போய்விட்டு வந்திருக்கிறாள்.

வண்டியைத் தூக்கினான். டயர்களின் கீழே ஏதோ இருந்தது. அவன் பானெட்டை அழுத்தியதில் முன்டயர்களுக்கு அடியில் இரண்டு கடுகு நசுங்கியிருந்தன, பின்டயர்களுக்கு அடியில் இரண்டு முழுசாக இருந்தன.

எழுந்து போய் கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து வெர்னியர் காலிப்பரில் வைத்து அளந்தான். நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். இருபத்துநாலால் வகுத்தான். ஒன்றே முக்கால். கடுகை அளந்தான். ஒன்றே முக்கால்.

அவனுக்குக் காது சுட்டது. கண்டவர்களிடமெல்லாம், யாரும் கிட்டே வந்து பார்ப்பதில்லை என்று புலம்பியவனே, கிட்டே வந்து பார்க்காமல் தேய்த்திருக்கிறான். ஒன்பது வருஷமாக அந்த 'ம்'முக்கு உள்ளே எல்லாமே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதோடு விட்டதா? ஊர் முழுக்கச் சண்டை போட்டு விலக்கி வைத்திருந்த 'பொம்மை' என்ற சொல்லை, இந்த வீட்டில் இன்றைக்குச் சொன்னதும் அவன்தான். முனிவேலுக்கு வெட்கமாக இருந்தது.

பானெட்டுக் கறையை மறைக்கவாவது கீற்றைத் திரும்ப இழுக்கலாம் என்று, வேண்டாத பிளாஸ்டிக் துண்டில் முயன்று பார்த்தான். ஈர்க்குச்சியால் இழுத்தது தீக்குச்சி தடிமனுக்கு வந்தது. பிரஷ்ஷில் இழுத்தது நடுவிலேயே வழிந்தது. பொட்டு வைத்தான். நிஜக் காரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்திருக்கும். பத்துத் தடவை வைத்துப் பார்த்துவிட்டு, செல்போனை எடுத்துக் கண்காட்சிக்காரர்களுக்குச் செய்தி அனுப்பினான். தன் வண்டியை ஷோரூம் பிரிவிலிருந்து எடுத்து, ரோட்டில் ஓடும் வண்டிகள் பிரிவில் போடச் சொன்னான். சேறு பூசிக்கொண்டு வருகிறவர்கள் பிரிவு என்று இத்தனை நாள் அவன் கேலி பேசி வந்த பிரிவு அது.

பிறகு வண்டியை ஏந்திக்கொண்டு அடுப்படிக்குப் போனான். பொற்கொடி பொரியில் வெல்லம் கலந்துகொண்டிருந்தாள்.

"கடுகை எதுல அளந்த?"

"அளக்கல. எலுமிச்சம்பழத்தப் பாத்தேன், கடுகப் பாத்தேன்."

"கீத்து எதுல போட்ட?"

"கம்பெனி இடுக்கி முனையில." அவள் திரும்பவில்லை.

"பானெட்டுல நான் அழிச்சிட்டேன். திரும்பப் போட்டுக் குடு பொற்கொடி. ஞாயித்துக்கெழம கொண்டு போவணும்."

அவள் கையில் ஒட்டியிருந்த வெல்லத்தை நிதானமாகக் கழுவினாள். சேலையில் துடைத்தாள். அதற்குள் அவனுக்கு ஒரு யுகம் போயிற்று.

"பொம்மைக்குப் போயி யாராச்சும் பூஜை போடுவாங்களா?" என்றாள்.

அவனுடைய சொல்தான், ஓர் எழுத்துக் குறையவில்லை.

"வண்டிதான்," என்றான். "தப்பாச் சொல்லிட்டேன்."

பொற்கொடி பத்மினியை வாங்கி, ஜன்னலோரம் கொண்டு போய் வைத்தாள். கண்ணருகே வைத்துக் கறையைப் பார்த்தாள். உச்சுக்கொட்டினாள், அவன் டேங்குகளைப் பார்த்து உச்சுக்கொட்டுவதைப் போலவே. சந்தனம் குழைத்து, பையிலிருந்து இடுக்கியை எடுத்தாள். எப்படிப் போடுகிறாள் என்று பார்க்க முனிவேல் அவள் தோளுக்கு மேலே குனிந்தான்.

"வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க," என்றாள் பொற்கொடி.

அவன் நகர்ந்து நின்றான்.