காரிலேயே உட்கார்ந்திருந்தவர்

கொரோனா ஓய்ந்து சபைக் கூட்டங்கள் மறுபடி தொடங்கிய வருடம் அது. மலாக்காவில் தங்கா பத்து பக்கம், நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டு ஜெபக்குழு கூடும். எட்டுப் பத்துப் பேர்தான், எல்லாரும் பெண்கள். அதை நடத்தி வந்த அம்மா மகனோடு ஜொகூருக்குக் குடிபோய்விட்டார். அடுத்து யார் நடத்துவது என்று பாஸ்டர் கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். ஆனால் கூட்டம் நடப்பது என் வீட்டில். அதனால் பேச்சு என்னிடம் வந்து நின்றது.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்வரிசைக்குப் போய்விடுவேன்.

"கொஞ்ச நாள் நடத்திப் பாருங்க ஆண்ட்டி. முடியலன்னா டவுன் குழுவோட சேர்த்துடலாம்" என்றார் பாஸ்டர்.

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அதுவே பயமாகப் போனது. என்னையும் சேர்த்து மூன்று கிழவிகளுக்குக் கார் கிடையாது. டவுனுக்கு யார் கூட்டிப் போவார்கள்? வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் "முட்டி வலி எப்படி இருக்கு?" என்று எங்களை ஒருவர் கேட்பது. அதுவும் போய்விடும். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

நான் நடத்தும் முதல் கூட்டத்துக்கு முன்தினம் பாஸ்டர் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். "முதல்ல ஐஸ் பிரேக்கர் பண்ணுங்க ஆண்ட்டி. அப்புறம் பாட்டு, வசனம், ஜெபம். அவ்ளோதான் லா."

திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். பாட்டு தெரியும், வசனம் தெரியும். ஐஸ் எதற்கு? ஐஸ் என்றால் ஐஸ், பிரேக் என்றால் உடைப்பது, அந்த அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனால் ஜெபத்துக்கு முன்னால் ஐஸை ஏன் உடைக்க வேண்டும்? யோசிக்க யோசிக்க ஆவல்தான் கூடியது. வேதத்தில் பனி வருகிறது, கல்மழை வருகிறது, அதை விளக்க ஏதோ செய்து காட்டச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பாஸ்டரிடமே கேட்டிருக்கலாம். கூச்சம் விடவில்லை. கடை ஐஸ் ஏற்கெனவே சின்னச் சின்னதாக இருக்கும், அதில் உடைக்க ஒன்றும் இல்லை. அதனால் பெரிய ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன்.

சனிக்கிழமை எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். ஹாலின் நடுவே தட்டில் ஐஸ் கட்டி, பக்கத்தில் இடிகல் உலக்கை.

"என்னக்கா இது?"

"முதல்ல ஐஸ் உடைக்கணுமாம். பாஸ்டர் சொன்னாரு."

பாஸ்டர் சொல்லிவிட்டார் என்றதும் யாரும் மேலே கேட்கவில்லை. நான் ஓங்கிப் போட்டேன். ஐஸ் உடையாமல் தட்டைவிட்டுப் பாய்ந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. "ஐயோ, ஐஸ் ஓடுது, புடிங்க!" என்று ஒருத்தி கத்தினாள். ஆளுக்கொரு அடி போட்டுப் பார்த்தோம். ஓரத்தில் ஒரு சில்லுதான் பெயர்ந்தது.

எங்கள் குழுவில் ஒரு பெண்ணை அவள் கணவர் காரில் கொண்டுவந்து விடுவார். அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. அவர் எங்கள் சபை இல்லை, கோயிலுக்குப் போகிறவர். மனைவியை இறக்கிவிட்டுப் போகவும் மாட்டார், உள்ளே வரவும் மாட்டார். கேட்டுக்கு வெளியே காரில் சீட்டைச் சாய்த்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை இருப்பார். "ஜெபத்துக்கு வாங்கண்ணே" என்று வாராவாரம் யாராவது கூப்பிடுவார்கள். "பரவால்ல, நீங்க நடத்துங்க" என்று கையை ஆட்டிவிடுவார். அப்படி என்னதான் செய்கிறார் அந்தக் காருக்குள் என்று நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததுண்டு.

அன்றைக்கு வேறு வழி தெரியாமல் அவரிடம் போனேன். "தம்பி, ஒரு ஐஸ் கட்டி இருக்கு. எங்களால முடியல. கொஞ்சம் உடைச்சுக் குடுங்கப்பா."

"ஐஸா? எங்க?" என்று அப்போதே இறங்கிவிட்டார். பழைய துண்டு ஒன்று கேட்டார். ஐஸை அதில் சுற்றி, வாசல் சிமெண்டில் வைத்து நாலு போடு போட்டார். உடைந்ததை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு, "உடைச்சாச்சு. எதுக்கு இது?" என்றார்.

நான் பாஸ்டரின் பேச்சைப் போட்டுக் காட்டினேன். எங்களில் சின்னவள், ஆபீஸ் வேலைக்குப் போகிறவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அக்கா, அது நிஜ ஐஸ் இல்லக்கா! கூச்சம் போறதுக்கு முதல்ல ஏதாவது விளையாட்டா கேள்வி கேப்பாங்களே, அதுக்குப் பேரு அது!"

வீடே சிரித்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. குழு முதல் நாளே முடிந்தது, எல்லாரும் டவுனுக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்தபடி சமையலறைக்குள் போய் நின்றுவிட்டேன். பின்னாலேயே ஐஸ் உடைத்தவர் குரல் கேட்டது. "அக்கா, ஐஸ் கரையுது. வீட்ல ரோஸ் சிராப் இருக்கா?"

இருந்தது. அவரே தண்ணீரில் கலக்கி, ஐஸ் போட்டு எல்லாருக்கும் கொடுத்தார். தனக்கும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தார். அதற்கு மேல் நான் வெட்கப்பட என்ன இருக்கிறது? ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டே விட்டேன். "ஏன் தம்பி, இத்தனை நாளா கூப்பிட்டும் நீங்க உள்ள வரலையே?"

கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜெபத்துக்கு வாங்க, ஜெபத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டாங்க. எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதுக்கா. வந்து சும்மா முழிச்சிக்கிட்டு உக்காரணும். நீங்க ஐஸ் உடைக்கக் கூப்பிட்டீங்க. அது தெரியும். வந்தேன்."

"நான் கூப்பிட்டு வராத மனுசன், ஐஸ் கூப்பிட்டு வந்துட்டாரு பாருங்க" என்றாள் அவர் மனைவி. எல்லாரும் மறுபடி சிரித்தோம். பிறகு இன்னொருத்தி மெல்ல, "எனக்கும் சத்தமா ஜெபம் பண்ண வராது, அதான் என் முறை வர்றப்ப இருமுவேன்" என்றாள். அன்று எங்கள் வாயிலிருந்து வந்தவை அதுவரை எந்தக் கூட்டத்திலும் வராதவை.

இரவில் பாஸ்டர் போன் செய்து, "ஐஸ் பிரேக்கர் எப்படி ஆண்ட்டி?" என்றார். "நல்லா உடைஞ்சதுங்க பாஸ்டர்" என்றேன்.

அதன்பின் எனக்குத் தெரியாததை மறைக்காமல் ஆளுக்கொரு வேலையாகக் கேட்க ஆரம்பித்தேன். ஒருத்தி வாசிப்பாள், ஒருத்தி பாட்டெடுப்பாள். ஐஸ் உடைத்தவர் நாற்காலி போடுவார், மழை என்றால் எங்கள் மூவரில் மற்ற இருவரையும் காரில் வீடு சேர்ப்பார். டவுன் குழுவோடு சேர்க்கும் பேச்சை பாஸ்டர் பிறகு எடுக்கவே இல்லை.

காரில் உட்கார்ந்திருந்தவர் இன்னும் ஜெபம் பண்ணுவதில்லை. நாங்கள் கண்ணை மூடும்போது சும்மா உட்கார்ந்திருப்பார். என்ன நினைப்பார் என்று அறிய எனக்கு ஆசைதான், கேட்டதில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே ஒருவர் தயங்கி நிற்பதைக் கண்டால், அவரைச் செய்து தரச்சொல்லிக் கேட்க என் வீட்டில் என்ன வேலை இருக்கிறது என்றுதான் இப்போதெல்லாம் முதலில் தேடுகிறேன்.