கிழித்துப் போட்ட காய்ச்சல் சர்டிபிகேட்

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன், சகோதர சகோதரிகளே. ஆனால் அன்று அவர் சந்நிதிக்கு நான் சண்டைக்குத்தான் போனேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் நான்கு ஜூனியர்களோடு குடும்ப வழக்குகளுக்கென்றே ஆபீஸ் நடத்தினேன். "குடும்பத்தப் பிரிக்கிறவ" என்று எங்கள் கோவில் பங்கு மக்களே முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசட்டும். அடி வாங்கியவளுக்கு அவர்களா வந்து நின்றார்கள்?

என் கட்சிக்காரி அகரத்து ஆரோக்கியமேரிக்கு நாலு வயது மகள். பிள்ளை யாரிடம் இருப்பது என்று புருஷனோடு வழக்கு. ஒருநாள் கோர்ட் வராந்தாவில், புருஷனுடைய வக்கீலோடு காட்டுக்கத்தல் கத்திக்கொண்டே, அடுத்த வாய்தாவை டயரியில் ஒரு வாரம் தள்ளி எழுதிவிட்டேன். வாய்தா அன்று எங்கள் பக்கம் ஒருவரும் போகவில்லை. பிள்ளையைத் தகப்பனிடம் ஒப்படைக்க உத்தரவாகிவிட்டது. அழ அழத் தூக்கிப் போனார்கள்.

"உங்கள நம்புனேனே மேடம்" என்றாள் ஆரோக்கியமேரி. அதற்குப் பிறகு என் முகத்தையே பார்க்கவில்லை. செத்துவிடலாம் போலிருந்தது.

உத்தரவை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட வேண்டும். வராததற்குக் காரணம் சொல்ல வேண்டும். "அந்த அக்காவுக்குக் காய்ச்சல்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டேன் மேடம். எல்லாரும் செய்றதுதானே" என்றாள் ஜூனியர் ஒருத்தி. எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். மனுவும் டைப் ஆகிவிட்டது.

மனு கொடுக்க வேண்டிய நாளன்று காலை, மனுவும் சர்டிபிகேட்டும் கையிலிருக்க, கோவிலுக்குப் போனேன். "தப்புப் பண்ணது நான். தண்டனை அந்தப் பிள்ளைக்கா? திருப்பிக் கொடுக்கலைன்னா இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. அவரிடம் சொன்னதை நான் மனுவில் எழுதவே இல்லையே! அங்கேயே சர்டிபிகேட்டைக் கிழித்தேன்.

தேதியைத் தப்பாகக் குறித்தது நான்தான் என்று என் பெயரிலேயே பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். மற்ற வக்கீல்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. நகலைப் படித்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. கையில் ஒரு கல்யாண ஆல்பம்.

"காய்ச்சல்னு வருவீகன்னு இதத் தூக்கிட்டு வந்தேன்" என்று பல்லைக் கடித்தார். அந்த வாய்தா நாளில், செம்பட்டியில் சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் ஆரோக்கியமேரி பரிமாறிக்கொண்டிருந்த படம்! சர்டிபிகேட்டைக் கொடுத்திருந்தால் பிள்ளை போயே போயிருக்கும்.

உத்தரவு ரத்தானது. மறு விசாரணையில் பிள்ளை தாயிடம் வந்தது. தோத்திரம் ஆண்டவரே!

அந்த வக்கீலை எனக்கு இன்னும் பிடிக்காது, அதற்கும் ஜெபிக்கிறேன். பொய்ச் சர்டிபிகேட்டோடு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறேன். நீங்களும் கோபமாக இருந்தால் கோபத்தோடேயே அவரிடம் போங்கள். அவர் கேட்பார். ஆனால் நீங்கள் கத்தியதை நீங்களும் செத்த நேரம் காது கொடுத்துக் கேளுங்கள்.