றொக்சன் சிகரெட்டை விட்ட தவக்காலம்

கையுறையைக் கழற்றாமலே றொக்சன் அதை எடுப்பான். ஜாக்கெட்டின் இடது கைக்குள், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அது எப்போதும் இருக்கும். கையை ஒருமுறை உதறினால் உள்ளங்கைக்கு வழுக்கி வந்துவிடும். விரல் நீளப் பிளாஸ்ரிக், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் போல மஞ்சளும் இளஞ்சிவப்பும். இருமப்போகிறவன் மாதிரித் தலை குனிந்து கொலருக்குள் வாயை வைப்பான். ஓர் இழுப்பு. கொஞ்ச நேரம் நெஞ்சுக்குள் பூட்டிவைத்து, மிச்சத்தைச் சட்டைக்குள்ளேயே ஊதுவான். பிறகு எதுவும் நடக்காததுபோல நிமிர்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறப்பான். சுற்றிலும் மாம்பழ வாசம் நிற்கும். பெயரைத் தவிர மாம்பழத்தோடு எந்த உறவும் இல்லாத வாசம்.

இதெல்லாம் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்குள், பூசை நேரத்தில். பாடகர் குழுவுக்கு மைக் பார்க்கிறவன் நான். தூணுக்குப் பின்னால் ஒலிப்பெட்டியோடும் ஹெட்போனோடும் இருப்பேன். அங்கிருந்து எல்லாரையும் பார்க்கலாம், ஒருவரும் கதைக்க வரமாட்டார்கள்.

றொக்சனுக்கு இருபத்துநாலு வயது. துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். மொன்றியலின் வடக்கே மொன்றியல்-நோரில், மூன்றாம் மாடி வீட்டில், அம்மா சிசிலியோடு இருந்தான். தங்கை ஜென்சி ஒட்டாவாவில் படித்தாள். பள்ளிக்கூடக் காலத்திலேயே சிகரெட் பழகியிருந்தாலும் அவனுடைய மூச்சு மட்டும் கெடவில்லை. அந்த மூச்சால்தான் பங்கில் அவனுக்கு மரியாதை.

தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் பசாம் படிப்பார்கள். யேசுவின் பாடுகளை ஒப்பாரி போல இழுத்து இழுத்துப் படிப்பது. ஒரு வரி முடியும்வரை மூச்சு எடுக்கக்கூடாது என்பது பாடகர் குழுத் தலைவர் வலன்ரைன் அங்கிளின் சட்டம். கனடாவில் பிறந்த பிள்ளைகளில் அந்தச் சட்டத்துக்குள் நின்றவன் றொக்சன் ஒருவன்தான். வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பான். பாதிக்குமேல் பொருள் தெரியாது. அவன் படிக்க, பொருள் தெரிந்தவர்கள் அழுவார்கள். பெரிய வெள்ளிக்குப் பசாம் அவனுக்கு என்று மார்கழியிலேயே முடிவாகிவிட்டது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று அவன் ஒரு நேர்த்தி வைத்தான். ஈஸ்டர் வரும்வரை சிகரெட் தொடுவதில்லை. வலன்ரைன் அங்கிளுக்குப் பெருமை தாங்கவில்லை. பங்கு மண்டபத்தில் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"எங்கட பிள்ளையள் இறைச்சியை விடுவினம், சொக்லற்றை விடுவினம். இவன் நெருப்பையே விட்டிட்டான்."

கைதட்டினார்கள். சிசிலி கண்ணைத் துடைத்தார். அடுத்த ஞாயிறே ஜாக்கெட் கைக்குள் மஞ்சள் பிளாஸ்ரிக் வந்துவிட்டது. கியூபெக்கில் வேப் என்கிற இந்த மின்சிகரெட்டைப் பழச்சுவையில் விற்கக்கூடாதென்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பதாலேயே அது இன்னும் ருசித்திருக்கும். வீட்டுக்குப் பக்கத்து டெப்பனரில், அந்த மூலைக்கடையில், லொத்தர் சீட்டுகளுக்குக் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் ஒருநாள் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டுவிட்டான்.

"இது புகை இல்லை மச்சான். தண்ணி ஆவி. கேத்திலில வாறது மாதிரி," என்றான்.

கேத்தில் ஆவியை எவனும் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை உறிஞ்சிக்கொண்டு திரிவதில்லை. அவனுடைய கூட்டாளிகளும் இதே ஞானிகள்தான். சிப்ஸ் பைக்கற்றைத் திருப்பி என்ன எண்ணெய் என்று வாசிக்கிற பெடியள், எந்தத் தொழிற்சாலையில் யார் கலந்தது என்று தெரியாத திரவத்தைச் சூடாக்கி நெஞ்சுக்குள் அனுப்பினார்கள். ஒருவன் தர்ப்பூசணி, ஒருவன் லீச்சி. வட்டமாக நின்றால் பழக்கடை.

சிகரெட்டுக்காவது மொன்றியல் குளிர் காவல் இருந்தது. பூட்ஸ் போட்டு, மாடிப்படி இறங்கி, வெளியே நின்று விறைக்கவேண்டும். அந்தச் சோம்பலே பல சிகரெட்டை மிச்சம் பிடித்திருக்கும். புதியதற்குக் கதவு திறக்கத் தேவையில்லை. கட்டிலில் இழுத்தான், குளியலறையில் இழுத்தான், ஃபோர்க்லிஃப்டில் இழுத்தான், பூசையில் குருவானவர் அப்பத்தை எழுந்தேற்றும்போது தலை குனிகிற அந்தக் கணத்திலும் இழுத்தான். பல பெட்டிச் சிகரெட்டின் நிக்கொட்டின் அந்த ஒரு குச்சிக்குள் இருந்தது. சிகரெட்டைத் தொடுவதே இல்லையென்று ஊர் அவனை மெச்சிக்கொண்டிருந்தது.

தவக்காலத்தின் பாதியில் ஹெட்போனில் எனக்கு அது கேட்கத் தொடங்கியது. வரியின் நடுவே, குரலுக்கு அடியில், உறைபனியில் யாரோ மெல்லக் கால்வைப்பது போன்ற நொறுங்கல். பிறகு வரிகள் குறுகின. வலன்ரைன் அங்கிள் அது தடிமன், வெறும் சளி என்று தீர்ப்புச் சொல்லி, கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னார். அவரும் வாசத்தை மோந்தவர்தான். இந்தக் காலத்துப் பெடியளின் சென்ற் என்று நினைத்தாராம்.

பெரிய வெள்ளியன்று கோயில் நிறைந்திருந்தது. மூன்றாவது வரியிலேயே அவன் நடுவில் மூச்சு எடுத்தான். முன்வரிசை திரும்பி ஒருவரையொருவர் பார்த்தது. ஐந்தாவது வரியில் குரல் நின்றது, வாய் மட்டும் அசைந்தது. பீடப்படியில் குந்தி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, காற்றைத் தேடினான். உதடு நீலமாகியிருந்தது. வலன்ரைன் அங்கிளின் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

காய்ச்சல் இருந்தது, எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை படர்ந்திருந்தது. புகைப்பீர்களா என்று டொக்டர் பிரெஞ்சில் கேட்டார். ஒக்சிஜன் முகமூடிக்குள் இருந்த றொக்சனை முந்திக்கொண்டு சிசிலி, அலுவலகங்கள் துடைத்துப் பழகிய தன் பிரெஞ்சில் பதில் சொன்னார். "நோன், டொக்டர். ஃபினி. கறேம்." இல்லை, முடிந்தது, தவக்காலம். றொக்சன் தலையாட்டினான். டொக்டர் பாராட்டினார். சேலைனோடு பாராட்டும் ஏறியது. நிமோனியா என்று அன்ரிபயோற்றிக் தொடங்கினார்கள். குறையவில்லை. ஒக்சிஜனைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள், தொண்டைக்குள் குழாய் விடவேண்டி வரலாம் என்றார்கள்.

ஈஸ்டர் ஞாயிறு ஒட்டாவாவிலிருந்து ஜென்சி வந்தாள். புகைக்காத பிள்ளைக்கு ஏன் இப்படி என்று டொக்டர் யோசிப்பதைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினாள்.

"அம்மா, அவன் வேப் இழுக்கிறதைச் சொன்னீங்களோ?"

"அவர் சிகரெட்டைத்தானே கேட்டவர்."

"அவர் நெஞ்சைக் கேட்டவர், அம்மா."

அவளே போய்ச் சொன்னாள். மருந்து மாறியது. ஸ்ரெரொய்ட் கொடுத்தார்கள், வேப்பால் வந்த நுரையீரல் அழற்சி என்றார்கள். குழாய் விடத் தேவைப்படவில்லை. இரண்டு கிழமையில் வீட்டுக்கு வந்தான். வந்தவன் தன் வீட்டு வெளிப்படியில் பாதிவழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். களஞ்சியத்தில் சாமான் எண்ணுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பசாம் இனி யாருக்கு என்று குழுவில் ஒருவரும் கேட்பதில்லை. வலன்ரைன் அங்கிள் அதே மண்டபத்தில் அதே மைக்கில் இப்போது வேப்புக்கு எதிராகப் பேசுகிறார், கையை அதே உயரத்துக்குத் தூக்கி. அதற்கும் கைதட்டுகிறார்கள்.

ஆடி மாதம் ஜென்சி சொல்லித்தான் மிச்சம் எனக்குத் தெரியும். அன்ரிபயோற்றிக் ஏன் கேட்கவில்லையென்று டொக்டர்மார் தலையைச் சொறிந்த அந்த நாட்களில், பொழுதுபடச் சிசிலி அந்த மஞ்சள் பிளாஸ்ரிக்கை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறையில் சார்ஜ் போட்டு, காலையில் சூப் பிளாஸ்கோடு திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். ஒக்சிஜனைக் கழற்றிவைத்துவிட்டு றொக்சன் அதோடு கழிவறைக்குள் போவான். நேர்ஸ் யாரும் வராமல் கதவடியில் நின்று அவர் செபமாலை சொல்லுவார். ஈஸ்டர் வருமுன் சிகரெட்டைத் தொட்டுப் பிள்ளையின் நேர்த்தி முறியக்கூடாதென்று.