தூணடியில் ஒரு பொட்டு

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே எங்கள் புதுக் காருக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் வந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. யாரையும் கேட்காமல் பின்கதவைத் திறந்து, இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருக்கும் தூணைத் தடவிக்கொண்டே குனிந்தார்.

"என்ன சார் தேடுறீங்க?" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

"தப்பா நினைக்காதீங்க. தீயணைப்புல இருக்கேன். புது வண்டியப் பாத்தா கை தானா போயிடுது. இப்ப வர்ற இரும்பு ரொம்ப உறுதிங்க. மோதினாலும் உள்ள இருக்கறவங்கள நசுங்க விடாது. ஆனா கதவு மாட்டிக்கிட்டா, எங்க பழைய கட்டர் இந்தத் தூணக் கடிக்கவே மாட்டேங்குது. அதான், எங்க வெட்டலாம்னு முன்னாடியே பாத்து வச்சுக்கறேன்."

"நல்ல நாளும் அதுவுமா வெட்டறதப் பத்தியா பேசுவாங்க?" என்றாள் என் மனைவி.

அவர் முகம் வாடிவிட்டது. "மன்னிச்சுக்கங்கம்மா" என்று கதவை அலுங்காமல் மூடினார். நாலடி போனவர், மனசு கேட்காமல் திரும்பினார்.

"இந்த வண்டிக்குத் தூணோட அடிப்பக்கம்தாங்க கொஞ்சம் இளக்கம். கார் கம்பெனி குடுத்த வரைபடத்துல பாத்திருக்கேன். தேவையே படாது. நல்லபடியா போயிட்டு வாங்க."

மனைவி குங்குமத்தை எடுத்தாள். பானெட்டுக்குப் பொட்டு வைத்தாள். பிறகு பின்கதவைத் திறந்து, தூணடியிலும் ஒன்று வைத்தாள்.

பானெட் பொட்டு முதல் மழையிலேயே போய்விட்டது. தூணடிப் பொட்டை மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் புதுப்பிக்கிறாள். தென்னூர் ரோட்டில் தீயணைப்பு வண்டி எங்களைத் தாண்டிப் போனால், உள்ளே அவர் இருக்கிறாரா என்று முதலில் எட்டிப் பார்ப்பவளும் அவள்தான்.