அன்புக்கரசி ஓட்ட மறுத்த ஷீட்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் என் ஜெராக்ஸ் கடைக்கும் ஹென்றியின் லேசர் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். ஹென்றி கடையில் லேசர் மிஷினை ஓட்டுகிறவர் அன்புக்கரசி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறார். வயது முப்பத்தைந்து இருக்கும். விசைப்படகுக்குப் பெயர்ப்பலகை, பள்ளிக்கூட விழாவுக்கு ஷீல்டு, துறைமுகப் பக்கத்து ஒப்பந்தக்காரர்களுக்கு சுவிட்சுப் பெட்டியில் ஒட்டும் பெயர்த்தகடு என்று எது வந்தாலும் எழுத்தைப் பொறித்து அறுத்துக் கொடுப்பது அவர்தான்.

மிஷின் ஓடும்போது அவரை யாரும் கூப்பிட முடியாது. போன் டிராயருக்குள் போய்விடும். தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் நகர்வார். எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே பட்டது. மூடி போட்ட பெட்டிக்குள் தானாக ஓடுகிற மிஷினுக்கு எதற்குக் காவல் என்று ஒருநாள் கேட்டேன். பதிலுக்கு வலது முழங்கைக்குக் கீழே சுருங்கிக் கிடந்த தோலைக் காட்டினார்.

அது முன்பு வேலை பார்த்த கடையில் நடந்தது. அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட் அறுபட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வாசலுக்கு வந்தவருக்கு விலை சொல்ல இரண்டு நிமிடம் தள்ளிப் போயிருக்கிறார். அதற்குள் லேசரை நகர்த்தும் பெல்ட் சிக்கி, அது ஒரே இடத்தில் நின்று சுட்டு, ஷீட் பற்றிக்கொண்டது. பதற்றத்தில் மூடியைத் திறந்துவிட்டார். மூடி திறந்தால் லேசர் தானே அணைய வேண்டும். ஆனால் வேலை வேகமாக நடக்கட்டும் என்று அந்தக் கடைக்காரர் மூடி சுவிட்சில் காந்தத்தை ஒட்டி, அது வேலை செய்யாதபடி வைத்திருந்தார். தீ எழும்பிக் கையைப் பிடித்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் போனது அவருடைய நல்ல நேரம். ஹென்றியிடம் சேர்ந்தபோது, மூடி சுவிட்சைச் சோதித்து, கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பு சிலிண்டர் மாட்டும்வரை மிஷினை அவர் தொடவே இல்லையாம்.

போன ஆகஸ்டில் வல்லரசு என்ற மின்வேலை ஒப்பந்தக்காரர் கறுப்பு ஷீட் கட்டோடு வந்தார். காட்டுப்பள்ளியில் அவர் எடுத்திருந்த வேலைக்கு இருநூறு பெயர்த்தகடு மாலைக்குள் வேண்டும். ஷீட் அக்ரிலிக்தான், கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள் என்றார்.

அன்புக்கரசி ஒரு ஓரத்தை வளைத்துப் பார்த்தார். அக்ரிலிக்கைப் போல உடையாமல் அது வளைந்தது. பின்வாசலுக்குப் போய், ஒரு செம்புக் கம்பியை லைட்டரில் பழுக்கக் காய்ச்சி, ஷீட்டின் மூலையில் குத்தி, மறுபடி நெருப்பில் பிடித்தார். நெருப்பு பளிச்சென்று பச்சையாக எரிந்தது. பச்சை வந்தால் அதில் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். அது அக்ரிலிக் இல்லை, பிவிசி. லேசர் பட்டால் அமிலப் புகை வரும்.

இதை மிஷினில் வைக்க முடியாது, வேறு ஷீட் கொண்டுவந்தால் உடனே அடித்துத் தருகிறேன் என்று வல்லரசுவிடம் சொன்னார். அவர் முகம் சுருங்கியது. கையில் வந்த வேலை போகிறதே என்று ஹென்றிக்கு ஆற்றாமை.

"மணலி கம்பெனிங்க வுடற காத்தையே தினம் இழுத்துகினு கீறோம் அன்பு. ஒரு நாளு பொகை இன்னா பண்ணிடும்?" என்றார்.

"அந்தக் காத்த என்னால நிறுத்த முடியாதுண்ணே. இத்த நிறுத்த முடியும்ல?"

வல்லரசு ஷீட் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று முழுவதும் ஹென்றி அன்புக்கரசியோடு சரியாகப் பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்லப் போகவில்லை. கையிலிருந்த ஷீல்டு வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினார்.

நான்காம் நாள் வல்லரசு இருமிக்கொண்டே வந்தார். ராயபுரத்தில் ஷாரிக் என்பவரின் கடையில் அதே ஷீட்டைக் கொடுத்திருக்கிறார். இருபது தகடு முடிவதற்குள் தொண்டை எரிந்து இவர் வெளியே ஓடிவிட்டார். உள்ளே நின்றிருந்த ஷாரிக் மூச்சடைத்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். தப்பு என்னுடையதுதான், அவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று வல்லரசு தலைகுனிந்து நின்றார். அன்புக்கரசி ஷாரிக்கின் கடை விலாசத்தை மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் என் ஸ்கூட்டரில்தான் ஷாரிக் கடைக்குப் போனோம். மாடியில் ஒரு சின்ன அறை. புகையை வெளியேற்ற வேண்டிய குழாய் படிக்கட்டுப் பக்கமே முடிந்திருந்தது. மிஷினுக்குள் இரும்புத் தண்டுகளில் அந்தப் புகையால் அதற்குள் துரு பூத்திருந்தது. முப்பது வயதுகூட ஆகாத ஷாரிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு இப்போது எப்படி இருக்கிறது, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்றுதான் அன்புக்கரசி முதலில் கேட்டார். பிறகு கம்பியைச் சூடாக்கி, அக்ரிலிக் துண்டில் ஒருமுறையும் பிவிசியில் ஒருமுறையும் வைத்துக் காட்டினார்.

"அக்ரிலிக்னு தானே அக்கா குட்த்தாரு," என்றார் ஷாரிக்.

"என்கிட்டயும் அப்டிதான் சொன்னாரு தம்பி. அவர்கிட்ட கடைக்காரன் சொல்லிக்கீறான். யாரு சொன்னா இன்னா, பொகை உன் நெஞ்சுலதானே பூரும். நீ பாத்துக்கோ."

துருவை எண்ணெய்த் துணியால் துடைத்தெடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. நானும் துடைத்தேன். வல்லரசு தன் ஆளோடு வந்து, குழாயை நீட்டி ஜன்னல் வழியாகக் கூரைக்கு மேலே ஏற்றிக் கொடுத்தார். கிளம்பும்போது அன்புக்கரசி அவரிடம் ஒன்று கேட்டார்: சரியான ஷீட் வாங்கியதும் பாதி வேலையை ஷாரிக்குக்கே கொடுக்க வேண்டும்.

அப்படியே நடந்தது. நூறு தகடு ராயபுரத்திலும் நூறு தகடு இங்கேயும் அடித்தார்கள். ஹென்றிக்குப் பாதி போனதில் வருத்தம்தான். ஆனாலும் அடுத்த வாரம் ஒருவர் பிவிசி பூச்சு இருக்கக்கூடிய ரெக்சின் பை கொண்டுவந்து பெயர் பொறிக்கக் கேட்டபோது, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஹென்றியின் குரல் தெளிவாகவே கேட்டது. "மொதல்ல அந்தம்மா பாக்கட்டும் சார். அவங்க சரின்னா தான் மிசினு ஓடும்."