கோமலுக்கு நான் சொல்லிக்கொடுத்த தமிழ்

ஓமம் போட்டுப் பொரித்த பூரியும் கடுகெண்ணெய் மாங்காய் ஊறுகாயும், மூடியைத் திறந்ததுமே வகுப்பு முழுக்க மணக்கும். கோமலின் டிபன் டப்பா அது. அவள் அப்பா திருநகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். தாத்தா காலத்திலேயே ராஜஸ்தானிலிருந்து வந்துவிட்ட குடும்பம், ஊர் வாயில் "சேட்டு வீடு". எனக்கு அவள் பூரி மேல் பொறாமை, நீளச் சடை மேல் பொறாமை, எல்லாவற்றுக்கும் மேலாக அவள் தமிழ் மேல் பொறாமை. "வாரேன்டி", "அம்புட்டும் நீயே தின்னு" என்று அச்சு அசல் மதுரைக்காரியாகப் பேசுவாள். மேடையில் செய்யுள் சொல்வதோ அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "சேட்டு வீட்டுப் பிள்ள எம்புட்டு அழகாப் பேசுது, உனக்கு என்னடி கேடு?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரியும்.

ஏழாம் வகுப்பு ஆண்டு விழா நாடகத்தில் ராணி வேஷம் அவளுக்கென்று டீச்சர் முடிவு செய்தார். எனக்குத் தோழி வேஷம், மூன்றே வரி வசனம். அந்த நாட்களில் டிவியில் எந்தச் சிரிப்பு நிகழ்ச்சியைப் போட்டாலும் தலைப்பாகையோடு ஒரு சேட்டு வந்து, "நம்பள்கி நிம்பள்கி" என்று தமிழைக் குதறுவார், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். டீச்சரிடம் போய் மெல்லப் பற்றவைத்தேன்: "அரண்மனைக்கு வளையல் விக்க ஒரு சேட்டு வந்தா நல்லாருக்கும் டீச்சர். நம்ம கோமலே இருக்கால்ல." அவரும் அதே டிவியைப் பார்ப்பவர்தானே! "அட, ஆமால்ல!" என்றார். ராணி வேஷம் என்னிடம் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், கோமலுக்கு அந்தச் சேட்டுத் தமிழ் வரவேயில்லை. "எங்க வீட்ல யாருமே இப்படிப் பேச மாட்டாங்கடி" என்று திணறினாள். நான்தான் மதிய இடைவேளைகளில், அவள் பூரியைத் தின்றுகொண்டே, டிவியில் கேட்டதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். "'வாரேன்'னு சொல்லாத, 'நம்பள் வர்றான்'னு சொல்லு."

விழாவன்று அவள் வாயைத் திறந்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்துக் கைதட்டியது. ராணி உடையில் நின்றுகொண்டு அந்தக் கைத்தட்டலுக்கும் பொறாமைப்பட்டேன், வெட்கங்கெட்டவள்! முன்வரிசையில் அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் அவர் தோளைத் தட்டி, "அண்ணே, உங்கள அப்படியே உரிச்சு வச்சிருக்கு பாப்பா" என்றார்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே அவளை "நம்பள்" என்றுதான் கூப்பிட்டது. பேச்சுப் போட்டிக்குப் பெயர் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முதல் பரிசு எனக்கு. அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

போன மாதம் மாட்டுத்தாவணியில், மகள் கையைப் பிடித்தபடி பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். "கோமல்! எப்படி இருக்க?" என்று ஓடினேன். என்னை அடையாளம் கண்டுகொண்டது முகத்திலேயே தெரிந்தது. "சாரி மேடம், தமிழ் நமக்கு சரியா வராது" என்றாள், ஒவ்வொரு சொல்லாகத் தடுக்கித் தடுக்கி.

மகள் அண்ணாந்து பார்த்தாள். "ஏம்மா பொய் சொல்ற? உனக்குத்தான் அம்புட்டு நல்லா வருமே!"

கோமல் அவளை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். கோமல் பேசும் தமிழ் இனி என் காதில் விழாது. அந்தச் சிறுமியின் காதில் வீட்டுக்குள் தினமும் விழுகிறது. அவள் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.